டேப்ரூமுக்கு முதல்முறை போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீர் காய்ச்சுகிற சின்ன ப்ரூவரிகள் நாலைந்து பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பேட்டைக்கு நண்பர்களை அழைத்துப் போகும்போதெல்லாம், புதிதாக வருகிறவர்கள் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் போகிற வழியில் வேறு ஏதாவது பேசலாமே என்று இதை எழுதுகிறேன். நான் சின்ன கிளாஸ் கட்சி. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பதில்களில் அந்தச் சாய்வு தெரியும். சட்டப்படி குடிக்கும் வயது வராதவர்களுக்கும், குடியை விட்டுவிட்டவர்களுக்கும் இது எழுதப்பட்டதல்ல.

டேப்ரூம் என்றால் பார்தானே? பெயரை மாற்றி வைத்திருக்கிறார்களா?

இல்லை. பார் பல கம்பெனிகளின் சரக்கை வாங்கி விற்கிற இடம். டேப்ரூம் பீர் காய்ச்சுகிற இடத்தை ஒட்டிய கூடம். அங்கேயே காய்ச்சியதை அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டீல் டாங்குகள் நிற்பது தெரியும். சமையலறையும் சேர்ந்து ஹோட்டல் மாதிரி நடந்தால் அது ப்ரூபப். டேப்ரூம்கள் பலவற்றில் கொறிக்க ஏதாவது இருந்தால் உண்டு, அவ்வளவுதான். ஆகவே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வயிறு காலியாக இருந்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்குச் சீக்கிரம் இறங்கி ரத்தத்தில் சட்டென்று ஏறிவிடும்.

சின்ன ப்ரூவரி பீரை 'க்ராஃப்ட்' என்கிறார்களே, அது வெறும் விளம்பர வார்த்தையா?

பாதி உண்மை. உலகம் முழுக்கச் செல்லும்படியான விளக்கம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது: ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் காய்ச்சக் கூடாது, பெரிய மதுக் கம்பெனியின் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 60 லட்சம் பேரல் உங்களுக்கு 'சின்னது' என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் வார்த்தைக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது. எங்கே போனாலும் ஒரே மாதிரியான, தண்ணீரை ஒத்த லேகர் வகை பீர்தான் கிடைக்கும் என்ற நிலை வந்தபோது சிலருக்கு அலுத்துப்போனது. 1965-ல் ஃப்ரிட்ஸ் மேட்டேக் என்பவர் மூடப்போகிற நிலையிலிருந்த சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரியில் பணம் போட்டுக் காப்பாற்றினார். 1971-ல் பிரிட்டனின் மரபான ஏல் என்ற பீர் வகைகளைக் காக்க 'காம்ரா' என்ற குடிப்பவர் சங்கம் தொடங்கியது. 1976-ல் ஜாக் மெக்காலிஃப் கலிஃபோர்னியாவில் நியூ ஆல்பியன் என்ற குட்டி ப்ரூவரியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் மூடியும் விட்டார். வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க மத்திய சட்டம் அனுமதித்தது 1978-ல், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்தில். வீட்டுப் பானையில் பழகியவர்கள்தான் பிறகு ப்ரூவரி வைத்தார்கள். எழுபதுகளின் முடிவில் அந்த நாட்டில் நூறு ப்ரூவரிகூட இல்லை. இப்போது 9,000-க்கு மேல்.

ஏன் எல்லாம் ஒரே பேட்டையில் போய் உட்காருகின்றன?

வாடகை. அப்புறம் தரை. பீர் காய்ச்சுவதில் பெரும்பகுதி கழுவுவதுதான், ஆகவே தண்ணீர் வடிகிற சரிவான சிமென்ட் தரை வேண்டும், டாங்க் நிற்கிற உயரத்தில் கூரை வேண்டும், கனமான மின் இணைப்பு வேண்டும், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) மூட்டை இறக்க லாரி வர வழி வேண்டும். இவை எல்லாம் பழைய கிடங்குகளிலும் பட்டறைகளிலும்தான் கிடைக்கும். லண்டனில் பெர்மான்ட்ஸி பகுதியில் ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் வரிசையாக ப்ரூவரிகள் வந்தது இப்படித்தான். 2009-ல் தொடங்கிய கெர்னல் அங்கே முன்னோடி. முதல் ஆள் கூட்டத்தைக் கொண்டுவந்துவிட்டால் அடுத்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. போட்டியாளர்கள் என்று நினைப்பீர்கள். மால்ட் மூட்டை தீர்ந்துபோனால் எதிர்வீட்டில் சர்க்கரை கடன் வாங்குவது போல வாங்கிக்கொள்வார்கள்.

கடையில் டின் கிடைக்கிறதே, அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்?

பீர் ஒயின் மாதிரி இல்லை. ஓரிரு வகைகளைத் தவிர, வைத்திருந்தால் நன்றாகாது, மங்கத்தான் செய்யும். முக்கியமாக ஹாப்ஸ் வாசனை. ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஒரு கொடியின் பூ. ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் மரப் பிசின் போன்ற அந்த மணங்கள் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும், வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். டேப்ரூமில் குடிப்பது சில சமயம் பத்தடி தள்ளியிருக்கும் டாங்கிலிருந்து வருகிறது. அதே பீரின் டின்னை மூன்று மாதம் கழித்துக் குடித்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் சொல்லித் தர வேண்டியதில்லை.

எப்போது போகலாம்?

வார நாளில், பிற்பகலில், முடிந்தால் அவர்கள் காய்ச்சுகிற நாளில். சனிக்கிழமை இரவு போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். ஊற்றிக் கொடுப்பவருக்கும் பேச நேரம் இருக்காது.

ஒரே நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?

இரண்டு. ஆசை தீராவிட்டால் மூன்று. நான்காவது இடத்தில் எந்தப் பீரும் நல்லாத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்குள் நாக்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டிருக்கும். நடந்தே போகிற தூரத்தில் தேர்ந்தெடுங்கள், மணியைப் பார்த்துப் போங்கள். பல டேப்ரூம்கள் சீக்கிரமே மூடிவிடுகின்றன. இடையில் கால் மணி நேரம் நடப்பது நல்லது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணி என்றால் நிஜத் தண்ணி.

பலகையில் இருபது பெயர் எழுதியிருக்கிறது. எதைக் கேட்பது?

ஃப்ளைட் கேளுங்கள். சின்னச் சின்ன கிளாஸ்களில் நாலு விதமான பீர், ஒவ்வொன்றும் 100 முதல் 150 மில்லி வரை, நாலு குழி வெட்டிய மரப்பலகையில் வரிசையாக வரும். குழிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எண் போட்டிருப்பார்கள். வந்ததும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்; பேச்சு சுவாரஸ்யத்தில் எந்த கிளாஸ் எந்தக் குழியிலிருந்து வந்தது என்பது நிச்சயம் மறந்துபோகும்.

குடிக்கும் வரிசை முக்கியம். லேசானதிலிருந்து கனமானதற்குப் போங்கள்: முதலில் லேகர் அல்லது கோதுமை பீர், அப்புறம் ஹாப்ஸ் தூக்கலானது, கடைசியில் அழுத்தமான ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். தலைகீழாகப் போனால் லேகர் பச்சைத் தண்ணீராகத் தெரியும், பாவம், அதன் மேல் தப்பில்லை. வாயில் வைக்கும் முன் முகர்ந்து பாருங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கு செய்யும் வேலை. நாலையும் ருசித்த பிறகு முதல் கிளாஸில் மிச்சமிருக்கும் வாய்க்குத் திரும்புங்கள். அதற்குள் அது சற்றுச் சூடேறியிருக்கும், முதலில் ஒளிந்திருந்த ருசி வெளியே வந்திருக்கும். ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தால் நாக்கு மரத்துப்போய் எதுவும் தெரியாது. ஐஸ் மாதிரி ஜில்லென்று குடிக்கச் சொல்லும் பீர் எதையோ மறைக்கிறது என்பது என் சந்தேகம்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ளைட் குட்டியாகத் தெரியும், கணக்கு குட்டி இல்லை. 120 மில்லி வீதம் நாலு கிளாஸ் என்றால் 480 மில்லி. அமெரிக்க பைன்ட் ஒன்று 473 மில்லிதான். இருவர் ஒரு பலகையைப் பகிர்ந்துகொள்வதுதான் என் வழக்கம்.

ஏபிவி, ஐபியூ என்று எண்கள் போட்டிருக்கிறார்களே?

ஏபிவி என்பது நூறு பங்கில் எத்தனை பங்கு ஆல்கஹால் என்று சொல்லும் எண். இதை மட்டும் கட்டாயம் பாருங்கள். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் சுமார் 13 கிராம் ஆல்கஹால். 8 சதவீத பீரைப் பிரிட்டிஷ் பைன்ட் அளவில், அதாவது 568 மில்லி, வாங்கினால் சுமார் 36 கிராம். பார்க்க இரண்டும் 'ஒரு பீர்'தான். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஐபியூ கசப்பின் அளவு. சாதாரண லேகரில் 10-லிருந்து 20-க்குள் இருக்கும், ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகையில் 40, 60 என்று ஏறும். ஆனால் மால்ட்டின் இனிப்பு கசப்பை மூடிவிடும், ஆகவே 60 போட்ட ஒரு ஸ்டவுட் 40 போட்ட ஐபிஏவைவிட இதமாக இருக்கலாம். இந்த எண்ணை நம்பி ஆர்டர் செய்யாதீர்கள்.

லேகர், ஏல், ஐபிஏ, ஸ்டவுட்: சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

குடும்பம் இரண்டுதான். பிரிப்பது ஈஸ்ட், அதாவது சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிர். ஏல் ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வேகமாக வேலை செய்து பழ வாசனையை விட்டுப் போகும். லேகர் ஈஸ்ட் 10 டிகிரி பக்கம் நிதானமாக வேலை செய்யும், அப்புறம் உறைநிலைக்கு அருகே வாரக்கணக்கில் கிடந்து தெளியும். அதனால்தான் சின்ன ப்ரூவரிகளில் ஏல் வகைகள் அதிகம்: இரண்டு மூன்று வாரத்தில் டாங்க் காலியாகிவிடும். நல்ல லேகர் போடுகிற சின்ன ப்ரூவரியைப் பார்த்தால் மரியாதை கொடுங்கள், அவர் டாங்கை ஒரு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்திருக்கிறார். தப்பு செய்தால் மறைக்க அதில் எந்த வாசனையும் இல்லை.

பொன்னிற லேகர் பிறந்தது 1842-ல், பில்சன் நகரில், யோசஃப் க்ரோல் என்ற பவேரியக்காரர் கையில். 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்ட்டை ஒற்றைச் செல்லிலிருந்து சுத்தமாக வளர்த்துக் காட்டினார். இன்று ஒரே பீர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதற்கு அந்த மனிதருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஐபிஏ, ஸ்டவுட் இரண்டும் ஏல் குடும்பம். முன்னது ஹாப்ஸ் தூக்கல், பின்னது வறுத்த தானியம் தூக்கல்.

கறுப்பு பீர்தானே ஸ்ட்ராங்?

நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தம் கிடையாது. காபிக்கொட்டை போல வறுத்த மால்ட் கொஞ்சம் போட்டாலே கறுத்துவிடும். கின்னஸ் ட்ராஃப்ட் கன்னங்கரேல் என்று இருக்கும், 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தின் டூவெல் வைக்கோல் நிறத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும், 8.5 சதவீதம்.

கலங்கலாக இருக்கிறதே, கெட்டுப்போனதா?

கோதுமை பீரும் 'ஹேஸி' என்று எழுதியிருக்கும் ஐபிஏவும் அப்படித்தான் இருக்கும். புரதமும் ஹாப்ஸ் துகளும் மிதக்கின்றன. லேகர் கலங்கியிருந்தால் கேளுங்கள். அங்கேயும் வடிகட்டாத லேகர் என்று ஒன்று உண்டு.

நுரையை அதிகம் விட்டு ஏமாற்றுகிறார்களா?

இரண்டு விரல் நுரை ஏமாற்று இல்லை. வாசனையைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். நுரையே இல்லாமல் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால்தான் எனக்கு முகம் சுருங்கும். கிளாஸின் உள்பக்கத்தைப் பாருங்கள்: குமிழிகள் கண்ணாடியில் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மடக்குக்கும் நுரை வளையம் வளையமாகப் படிந்து இறங்கும்.

நன்றாக இல்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா?

'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது வேறு, 'இதில் கோளாறு' என்பது வேறு. முதலாவதைத் தவிர்க்க, வாங்கும் முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். இரண்டாவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. உருக்கிய வெண்ணெய் வாசனை வந்தால் அது டைஅசெட்டில். ஈஸ்ட் தான் உண்டாக்கியதைத் தானே தின்று முடிக்கும் முன் அவசரப்பட்டு டாங்கைக் குளிர்வித்திருப்பார்கள், அல்லது குழாய் அழுக்கு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது. புளிப்பு வகை என்று எழுதாத பீரில் வினிகர் புளிப்பு வந்தால் மறுபடியும் குழாய்தான் சந்தேகம். அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு.

ஒருமுறை எனக்கு வந்த லேகரில் அப்பட்டமான வெண்ணெய் வாசனை. பத்து நிமிடம் தயங்கினேன், நமக்குத்தான் தெரியவில்லையோ என்று. கடைசியில் போய் மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் கிளாஸை வாங்கி முகர்ந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, பலகையில் அந்த வரியைக் கையாலேயே அழித்துவிட்டு, "வேற என்ன தரட்டும்?" என்றாள். சாக்பீஸ் தூள் அவள் உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த இடத்துக்கு இப்போதும் போகிறேன். இன்னோர் இடத்தில் இதையே சொன்னபோது "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். அங்கே போவதில்லை.

உள்ளே சுற்றிக் காட்டுவார்களா? என்ன பார்க்கலாம்?

பலர் காட்டுவார்கள், முன்பதிவு கேட்கலாம். மூடிய ஷூ போட்டுப் போங்கள்; தரை எப்போதும் ஈரம், காலடியில் ரப்பர் குழாய்கள், சில குழாய்களில் கொதிநீர்.

காய்ச்சுகிற நாளில் கதவைத் திறந்ததும் கஞ்சி காய்ச்சுகிற வாசனை முகத்தில் அடிக்கும். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, 65 டிகிரிக்குச் சற்று மேலே வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுகிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கொதிக்கவிட்டு, குளிர்வித்து, டாங்குக்கு ஏற்றி ஈஸ்ட் போடுவார்கள். கேட்டால் ஊறல் தண்ணீரைச் சின்னக் கிளாஸில் ருசி பார்க்கத் தருவார்கள். தித்திப்பாக, வெதுவெதுப்பாக இருக்கும். இதுவா பீர் ஆகப்போகிறது என்று நம்ப முடியாது.

எனக்குப் பிடித்த காட்சி டாங்கின் அடியில்தான். டாங்கிலிருந்து ஒரு குழாய் இறங்கி ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் மூழ்கியிருக்கும். ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு அதன் வழியே குபுகுபுவென்று கொப்பளிக்கும். முதல் இரண்டு நாள் கொதிக்கிற மாதிரி, அப்புறம் நிதானமாக, கடைசியில் நினைத்துக்கொண்டு ஒரு குமிழி. அந்தச் சத்தத்தைக் கேட்டே டாங்க் எந்த நாளில் இருக்கிறது என்று சொல்லும் ஆட்கள் உண்டு. டாங்குக்குள் மட்டும் தலையை விடாதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி ஆளைச் சாய்த்துவிடும். வால்வுகளையும் தொட வேண்டாம்.

மிஞ்சும் சக்கை டன் கணக்கில் சேரும். பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகப் போகிறது.

காய்ச்சுகிறவரிடம் என்ன கேட்பது? ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ?

"உங்களிடம் எது நன்றாக இருக்கும்?" என்று கேட்டால் விற்காமல் கிடப்பதைக் காட்டுவார்கள். "கடைசியாக டேப்பில் ஏற்றியது எது?" என்று கேளுங்கள். புதியது கிடைக்கும். நேரம் இருந்தால், "எது சொதப்பியது?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கதை கேட்கலாம்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். இடத்தைப் பொறுத்துப் பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், கிளாஸை விட்டு எழுந்து போகாதீர்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும். வரலாற்றைக் கேட்டால், பீர் காய்ச்சியவர்களில் பெண்கள்தான் முதலில் நிற்கிறார்கள். சுமேரியர்களின் பீர் தெய்வம் நின்காசி ஒரு பெண். கி.மு. 1800-ஐ ஒட்டிய களிமண் பலகைகளில் அவளைப் பாடிய பாட்டிலேயே காய்ச்சும் முறையும் இருக்கிறது.

குடிக்காத நண்பரை அழைத்துப் போகலாமா? குழந்தைகளை?

நண்பரைத் தாராளமாக. 0.5 சதவீதத்துக்கு உட்பட்ட பீர் இப்போது பல இடங்களில் குழாயிலேயே வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆல்கஹாலே கூடாது என்பவர்கள் அந்த அரையையும் கவனியுங்கள். "ஒரு வாய் மட்டும்" என்று அவரை நச்சரிக்க வேண்டாம். குழந்தைகள் விஷயம் ஊருக்கு ஊர் சட்டம் வேறு. போன் போட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்கு வாங்கிப் போகலாமா?

அனுமதி உள்ள இடங்களில் க்ரவ்லர் என்ற பெரிய பாட்டிலில் நிரப்பித் தருவார்கள். நேராக ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், திறந்தால் அன்றே முடிக்க வேண்டும், திறக்காவிட்டாலும் சில நாள்தான். வெயிலில் வைத்தால் ஹாப்ஸில் உள்ள பொருள் ஒளிபட்டுச் சிதைந்து, கருகிய ரப்பர் போல ஒரு வாடை வரும். பழுப்பு பாட்டில் அதைத் தடுக்கத்தான். பச்சை பாட்டில் அழகுக்கு.

இரண்டு சின்ன கிளாஸ்தானே, வண்டி ஓட்டலாமா?

கூடாது. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். கொண்டுவந்தால் திரும்பும்போது எடுக்கத்தான் தோன்றும். காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீரில் குளியல், எதுவும் ரத்தத்திலிருக்கும் ஆல்கஹாலைக் குறைக்காது. உடல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். மேலே சொன்ன 36 கிராம் பைன்ட்டை வைத்துக் கணக்குப் போட்டால் நாலைந்து மணி நேரம் ஆகிவிடும், அதுவும் ஒரே ஒரு கிளாஸுக்கு.

க்ராஃப்ட் பீர் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மதுபானங்களை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளிப்படையாகச் சொன்னது. காய்ச்சியவர் கையால் காய்ச்சினாரா, மெஷினில் காய்ச்சினாரா என்று கல்லீரல் பார்ப்பதில்லை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடும் நேரத்தில் 'கடைசி ஆர்டர்' என்று கூப்பிடுகிறார்கள். இன்னொன்று வாங்கிவிடலாமா?

வேண்டாம். கிளாஸ்களை எடுத்துப் போய் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் எந்த டாங்க் திறக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.